நாற்பது யார்டும் முதல் இரண்டு அடியும்

அன்புள்ள அண்ணா,

டாலஸுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்களே என்று பார்க்க ஆரம்பித்தது, இப்போது எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான கவ்பாய்ஸின் ஆட்டம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் ஓடுவதில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்குகிறது, எங்கள் அணிக்கு ஒரு நல்ல லைன்பேக்கர் வேண்டும் என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். நான் கம்பைன் என்கிற டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமில் நாற்பது யார்டை யார் வேகமாக ஓடினார்கள் என்று பார்த்து வரிசை போட்டிருக்கிறேன். அறை நண்பன் கல்லூரியில் யார் அதிகம் டேக்கிள் செய்தார்கள், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்தினார்கள் என்று எண்ணி வேறு வரிசை போட்டிருக்கிறான். நிபுணர்கள் போடும் வரிசை இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்? வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற எங்களைப் போன்றவர்களால் ஒரு கல்லூரி லைன்பேக்கரை எடைபோட முடியுமா? எங்கள் அணி 2018இல் எடுத்த லைன்பேக்கர் வேண்டர் எஷ் விஷயத்தில் ஏமாந்ததுபோல இன்னொரு முறை ஏமாற மனம் இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகர், டாலஸ்

அன்புள்ள தம்பி,

முடியும். ஆனால் இரண்டு பட்டியலையும் ஒரு வாரத்துக்கு ஓரமாக எடுத்து வையுங்கள். இரண்டும் பொய் இல்லை. லைன்பேக்கர் செய்கிற வேலையில் எது கஷ்டமோ அதை இரண்டுமே தொடவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாத மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்கிற வரிசைக்கு நாலைந்து யார்டு பின்னால் நிற்கிறவன் லைன்பேக்கர். பந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் கைக்குப் போனால் இவன் முன்னால் பாய்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும், குவார்ட்டர்பேக் வீசப் போகிறான் என்றால் பின்னால் போய் தன் இடத்தைக் காக்க வேண்டும். நேர் எதிர்த் திசைகள். ஆனால் எதிரணி வேண்டுமென்றே இரண்டையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். அரை நொடியில் இவன் முடிவெடுத்தாக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டால் பந்து தலைக்கு மேலே போய்விடும், காலை விடாமல் நின்றாலோ எதிரணி முன்வரிசையில் நின்று மோதுகிற கார்டு ஒருவன் வந்து மார்பில் மோதி மூன்று யார்டு தள்ளிக்கொண்டு போவான்.

நாற்பது யார்டு ஓட்டத்தில் இந்த முடிவெடுக்கிற வேலையே கிடையாது. எங்கே ஓடவேண்டும் என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள், எப்போது கிளம்புவது என்பது ஓடுகிறவன் இஷ்டம், எதிரே ஒருவரும் இல்லை. அதோடு, ஒரு லைன்பேக்கர் ஆட்டத்தில் நேர்கோட்டில் நாற்பது யார்டு ஓடுவது அபூர்வம். அவன் ஓடுவதெல்லாம் ஐந்து, ஏழு, பத்து யார்டு, அதுவும் வளைந்து, திரும்பி, யாரையாவது தள்ளிக்கொண்டு. அதனால் அந்த எண்ணில் எனக்கு வேண்டியது முதல் பத்து யார்டுக்கு ஆன நேரம் மட்டும்தான்.

2018 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டாலஸுக்குப் பக்கத்தில், ஆர்லிங்டனில்தான் நடந்தது. லைன்பேக்கர்களை எப்படிப் பார்ப்பது என்று யார் கேட்டாலும் நான் அந்த வருடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன், ஏனென்றால் விடைத்தாள் இப்போது நம் கையில் இருக்கிறது. முதல் சுற்றில் நான்கு பேர். ஜார்ஜியாவின் ரோக்வான் ஸ்மித் 8ஆவதாக சிகாகோவுக்கு, வர்ஜீனியா டெக்கின் ட்ரெமெய்ன் எட்மண்ட்ஸ் 16ஆவதாக பஃபலோவுக்கு, பாய்ஸி ஸ்டேட்டின் லெய்ட்டன் வேண்டர் எஷ் 19ஆவதாக உங்கள் கவ்பாய்ஸுக்கு, அலபாமாவின் ரஷான் எவன்ஸ் 22ஆவதாக டென்னஸிக்கு. அப்புறம் இரண்டாம் சுற்றில் 36ஆவதாக, சவுத் கரோலினா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து ஷகீல் லெனர்ட் (முதலில் டேரியஸ் என்று அறியப்பட்டவர்) இண்டியானபொலிஸுக்கு. மூன்றாம் சுற்றில், 70ஆவதாக, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் வார்னர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு.

நான் அன்று எட்மண்ட்ஸைத்தான் முதலில் வைத்திருந்தேன். ஆறடி ஐந்து அங்குலம், நூற்றுப் பதினான்கு கிலோ, அந்த உடம்போடு நாற்பது யார்டுக்கு 4.54 நொடி, டிராஃப்ட் அன்று பத்தொன்பது வயது. இப்படி ஒரு ஆள் எங்கே கிடைப்பான் என்று நினைத்தேன். அவர் மோசமாகப் போகவில்லை, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ போலுக்கு இரண்டு முறை போனார். ஆனால் 4.70 ஓடிய லெனர்ட் முதல் வருடமே 163 டேக்கிள் செய்து, லீகிலேயே அதிகம் அது, அந்த வருடத்தின் சிறந்த புதிய தடுப்பு வீரர் ஆனார். 4.64 ஓடிய வார்னர் 2024 சீசன் வரை நான்கு முறை ஆல்-ப்ரோ என்கிற, லீகின் சிறந்தவர்கள் பட்டியலின் முதல் அணியில் இடம் பிடித்துவிட்டார், இந்தத் தலைமுறையின் சிறந்த லைன்பேக்கர் அவர்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். நான் தப்பு செய்த இடம் எது என்று பிறகு பழைய கல்லூரி ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எட்மண்ட்ஸ் கிளம்பிய பிறகு எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன், எப்போது கிளம்பினார் என்று பார்க்கவே இல்லை. பல ப்ளேக்களில் (எதிரணியின் ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே) அவர் பார்த்து, உறுதி செய்துகொண்டு, பிறகு கிளம்பினார். அந்த நீண்ட கால்கள் தாமதத்தை மூடிவிட்டன. கல்லூரியில் அது போதும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் எல்லோருக்கும் கால் இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். டிவி படத்தில், வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள், ஆனால் முதல் ஒரு நொடிக்கு லைன்பேக்கர் பெரும்பாலும் படத்துக்குள்தான் இருப்பான். பந்து நகரும் தருணத்தில் நிறுத்துங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவனுடைய காலைப் பாருங்கள். இப்போது மெதுவாக ஓட்டுங்கள். எதிரணியின் இடதுபக்க கார்டு எழுந்து வலதுபக்கமாகத் திரும்பி ஓட ஆரம்பிக்கிறான் என்று வையுங்கள். குவார்ட்டர்பேக் பந்தை எதிர்த்திசையில் கொடுப்பதுபோலக் காட்டுகிறான். நல்ல லைன்பேக்கரின் உள்ளங்கால் தரையை விட்டு எழும்போதே கார்டு போகிற திசையில் திரும்பியிருக்கும். சுமாரானவன் முதலில் ஒரு அடி பின்னால் வைப்பான், குதிகாலில் எடை விழும், பிறகுதான் முன்னால் வருவான். அந்த ஒரு அடிக்குள் கார்டு வந்து சேர்ந்துவிடுகிறான். அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் இதைப் பொய்யடி என்று குறித்து வைப்பார்கள். ஒரு ஆட்டத்தில் முப்பது ப்ளே இப்படிப் பார்த்தால் போதும், அவன் கார்டைப் படிக்கிறானா, பந்தைத் துரத்துகிறானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறை நண்பரின் டேக்கிள் கணக்குக்கு வருகிறேன். எண்ணிக்கை முக்கியம்தான். லூக் கீக்லி 2011இல் பாஸ்டன் காலேஜுக்காக 191 டேக்கிள் செய்தார், நாட்டிலேயே அதிகம். அடுத்த ஏப்ரலில் கரோலினா அவரை 9ஆவதாக எடுத்தது, 2013இல் லீகின் சிறந்த தடுப்பு வீரர் விருதே வாங்கினார். ஆனால் டேக்கிள் எங்கே நடந்தது என்று எண்ணிக்கை சொல்லாது. இரண்டு யார்டில் பிடித்ததும் ஒன்று, எட்டு யார்டு ஓட விட்டுப் பின்னால் துரத்திப் பிடித்ததும் ஒன்று. தடுப்பு அணி மோசமாக இருந்தால் எதிரணி அதிக நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த லைன்பேக்கரின் கணக்கும் ஏறிக்கொண்டே போகும். அதேபோல முன்வரிசையில் இரண்டு மலை மாதிரி ஆட்கள் நின்று, மோத வருகிற எதிரணியினரை எல்லாம் தாங்கிக்கொண்டால், பின்னால் நிற்கிறவன் மேல் ஒரு கை கூடப் படாது, அவனும் பிரமாதமாகத் தெரிவான். அவனை என்எஃப்எல்லில் ஒரு கார்டு நேருக்கு நேர் பிடிக்கும்போதுதான் கையை எப்படி வைப்பது என்றே தெரியாமல் முழிப்பான்.

யாருக்கு எதிராக ஆடினான் என்பதையும் பாருங்கள். லெனர்ட்டின் கல்லூரி 2016இல் கிளெம்சனிடம் 59-0 என்று தோற்றது. கிளெம்சன் அந்த சீசனில் தேசிய சாம்பியன் ஆன அணி. அந்த ஆட்டத்தில் லெனர்ட் 19 டேக்கிள். ஸ்கோரை மறந்துவிட்டு அவரை மட்டும் பார்த்தால், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் இவர் தாமதமாக வந்ததாகவே தோன்றாது. அதோடு கை. முப்பத்துநான்கு அங்குலத்துக்கு மேல். அந்தக் கை ஓடுகிறவனின் கக்கத்துக்குள் நுழைந்து பந்தைக் குத்தித் தள்ளுகிறது. 2021 சீசனில் மட்டும் எட்டு முறை இப்படிப் பந்தை விழவைத்தார். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய லெனர்ட் திரும்பி வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கல்லூரி விதியில் வீசப் போகிற ப்ளேயிலும் முன்வரிசை ஆட்கள் மூன்று யார்டு வரை முன்னால் வரலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். கொடுக்கலாம் அல்லது வீசலாம் என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவு செய்கிற ஆர்பிஓ ப்ளேக்களில் இது லைன்பேக்கரின் கழுத்தில் கத்தி. கார்டு முன்னால் வருவதைப் பார்த்து, ஓட்டம்தான் என்று நம்பி அவன் சரியாகவே முன்னால் வருகிறான், பந்து அவன் விட்ட இடத்துக்குப் போகிறது. கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒருவன் மாட்டிக்கொண்டால் உடனே குறை எழுதாதீர்கள், அவன் பயிற்சியாளர் அவனுக்குச் சொன்ன வேலை எது என்று யோசியுங்கள். அதற்கு அடுத்த அடி என்ன வைத்தான், திரும்பி எவ்வளவு சீக்கிரம் ஓடினான் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள்.

வார்னரைப் பலர் தவறவிட்டதும் இந்த மாதிரி ஒரு காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். கல்லூரியில் அவர் நடுவில் நிற்கவில்லை, வெளியே, ரிசீவர்களுக்கு எதிரே நின்றார். நடுவில் நின்று பழகாதவரை எப்படி நம்புவது என்று பார்த்தவர்களுக்கு அது குறை. ரிசீவரோடு கடைசிவரை ஓடத் தெரிந்தவர், நடுவில் நிற்க நாம் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தவர்களுக்கு அது நிறை. இன்றைய லீகில் பந்து வீசப்படுவதுதான் அதிகம், பாதிக்கு மேற்பட்ட நேரம் களத்தில் இரண்டு லைன்பேக்கர்தான். வார்னர் நடுவில் நின்றுகொண்டே வேகமான ரிசீவர்களோடு ஆழமாக ஓடுகிறார், அதனால் மற்றவர்கள் வேறு வேலை பார்க்க முடிகிறது. ஜாக் பானைப் பாருங்கள், 2020இல் 74ஆவதாக நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் நான்கு வருடம் ஓரத்தில் இருந்தார், 2024இல் பிலடெல்ஃபியாவில் விக் ஃபான்ஜியோ அவரை நடுவில் நிறுத்தியதும் ஆல்-ப்ரோ ஆகி, இறுதிப் போட்டியான சூப்பர் போலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்தையும் பிடித்தார். ஆள் அதே ஆள்.

அப்படியென்றால் வேகமே வேண்டாமா? வேண்டும். ஒரு அளவுக்குக் கீழே போனால் படிக்கத் தெரிந்தும் போய்ச் சேர முடியாது. மைக்கா பார்சன்ஸின் 4.39ஐ உங்கள் ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அவரைக்கூட லைன்பேக்கராக எடுத்து, பிறகு குவார்ட்டர்பேக்கை வேட்டையாடத்தானே அனுப்பினார்கள்? ஒரே திசை, முன்னால், முழு வேகம். அந்த வேலைக்கு அந்த எண் பொருந்தும். எதிர் உதாரணம் ஆரன் கரி. 2009இல் அந்த டிராஃப்டிலேயே ஆபத்து இல்லாத தேர்வு என்று எல்லோரும் சொன்னார்கள், கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது, நல்ல உயரம், நல்ல ஓட்டம், 4ஆவதாக சியாட்டில் எடுத்தது. 2011 அக்டோபரில் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் அந்த வருடம் நான்காம் சுற்றில் எடுத்த கே. ஜே. ரைட்.

கடைசியாக வேண்டர் எஷ். நீங்கள் ஏமாந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐடஹோவில் ரிக்கின்ஸ் என்ற சின்ன ஊர், பள்ளியில் எட்டுப் பேர் வைத்து ஆடும் ஃபுட்பால், கல்லூரியில் உதவித்தொகை இல்லாமல் தானாகப் போய்ச் சேர்ந்தவர். முதல் வருடமே ப்ரோ போல். அவருடைய கண்ணும் காலும் பற்றி கவ்பாய்ஸ் ஸ்கவுட்டுகள் எழுதியது அத்தனையும் சரி. கழுத்துதான் விட்டுக்கொடுத்தது. முதுகுத்தண்டு கால்வாய் குறுகலாக இருந்தது, 2020 ஜனவரியில் அறுவை சிகிச்சை, 2024 மார்ச்சில் ஓய்வு, வயது இருபத்தெட்டு. டிராஃப்டுக்கு முன்பே கழுத்தைப் பற்றிப் பேச்சு இருந்தது உண்மை. ஆனால் மருத்துவப் பரிசோதனை முடிவு நம் கைக்கு வராது, கம்பைன் என்று ஒன்றை ஆரம்பித்ததே முக்கியமாக அந்தப் பரிசோதனைக்காகத்தான். அணி ஒருவனைத் திடீரென்று இரண்டு சுற்று தாண்டி விட்டுவிட்டால், பெரும்பாலும் அந்தப் பரிசோதனை அறையில்தான் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நீங்களும் நானும் முயல வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் இப்படிச் செய்யுங்கள். உங்கள் பட்டியலில் முதல் ஆள், அவர் பட்டியலில் முதல் ஆள், இரண்டு பேரை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம், அவர்கள் ஆடியதிலேயே பலமான எதிரணிகளோடு. முதல் ஆட்டத்தில் காலை மட்டும். இரண்டாவதில் ஒரு கார்டு நேராக வந்து மோதும்போது கை எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் விடுபடுகிறான். மூன்றாவதில் மூன்றாம் முயற்சிகளை (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) மட்டும், ஏழு யார்டுக்கு மேல் தேவைப்படும்போது அவன் களத்தில் இருக்கிறானா, வெளியே உட்கார வைத்துவிட்டார்களா என்று. பொய்யடிகளை எண்ணி, யார் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். நானும் அதே ஆட்டங்களைப் பார்த்து என் எண்ணிக்கையைச் சொல்கிறேன், டிராஃப்டுக்கு முதல் நாள் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்