10 தந்தி பெடல் ஸ்டீலுக்கு எந்த அளவு பார் எடுக்கலாம்?

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய 10 தந்தி பெடல் ஸ்டீலோடு (படுக்கையாக வைத்து, மிதியால் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார்) பார், அதாவது தந்தி மேல் வைத்து நகர்த்தும் உலோக உருளை, வரவில்லை, கிளிநொச்சியில் கடைந்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீளம் பெரிய பிரச்சினை இல்லை. 10 தந்திக்கு 3¼ அங்குலம், 12 தந்தி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. யோசிக்க வேண்டியது விட்டத்தைத்தான். 7/8, 15/16, 1 அங்குலம் என்று வரும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரே நீளத்தில் 7/8-ஐ விட 1 அங்குலப் பார் ஏறக்குறைய 30 சதவீதம் பாரம். பாரம் கூடினால் நாதம் நீளும், கை சீக்கிரம் களைக்கும், வேகமாக நகர்த்துவதும் கஷ்டம்.

பாரைப் பிடித்தபடி மோதிர விரலையும் சின்ன விரலையும் பாருக்குப் பின்னால் தந்தியில் படுக்க வைத்துப் பாருங்கள். அவை எழும்பி நின்றால் அந்தப் பார் உங்களுக்குத் தடிப்பு. பாருக்குப் பின்னால் உள்ள தந்திப் பகுதி அடங்காமல் இரையும். நடுத்தரக் கைக்கு 15/16-ஐத்தான் சொல்வேன். சின்னக் கை என்றால் 7/8.

லேத்தில் கடையலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். முனை உருண்டையாக, மேல் கண்ணாடி மாதிரிப் பொலிஷ் வேண்டும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் தந்தியிலும் கரகரக்கும். வன்னி வெயிலுக்குக் கை வியர்த்து வழுக்கும், பக்கத்தில் ஒரு துணி வைத்திருங்கள்.