மஞ்சள் கரிசலாங்கண்ணியின் சரியான தாவரப் பெயர் எது?

கேள்வி: வாய்க்கால் ஓரத்தில் பத்து சென்ட் நிலத்தில், மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித் தந்த தண்டுகளை நட்டேன். செடி வேகமாகப் படர்ந்து பூத்துவிட்டது. மூலிகை வாங்க வந்தவர் இது அந்தச் செடியே அல்ல என்கிறார். ஒரு பட்டியலில் வெடேலியா சைனென்சிஸ் என்றும், மற்றொன்றில் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட இரு பெயர்களும் ஒரே செடிக்கு உரியவை, பொற்றலைக் கையாந்தகரை என்று நம் வைத்தியர்கள் சொல்வதும் அதையே. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெர்பெசினா கேலண்டுலேசியா என்று பெயரிட்டார். பின்னர் இது வெடேலியா பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய செடிகளின் தொகுதி, தாவரப் பெயரின் முதல் சொல் அதைக் குறிக்கும்) சேர்க்கப்பட்டபோது, அங்கே கேலண்டுலேசியா என்ற பெயரை வேறொரு செடி முன்னரே பெற்றிருந்ததால், ஒரே பேரினத்தில் இரு செடிகளுக்கு ஒரே பெயர் கூடாது என்ற விதிப்படி, சீனத்துச் செடியை வைத்து ஆஸ்பெக் என்ற இயற்கையியலாளர் 1757-இல் இட்ட சைனென்சிஸ் என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஜான் புருஸ்கி 1996-இல் இதை ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்துக்கு மாற்றியதும் அந்தத் தடை நீங்கி, லின்னேயஸ் இட்ட பழைய பெயரே திரும்பி வந்தது. இன்று ஏற்கப்படுவது ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா என்ற பெயர்தான். வெள்ளைக் கரிசலாங்கண்ணியோ எக்லிப்டா என்ற வேறு பேரினத்தைச் சேர்ந்தது. தமிழில் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டும் ஒரு செடியின் நிறவேறுபாடுகள் அல்ல.

உங்கள் வயலில் இருப்பது, அதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த அது, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பூவைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம், ஏனெனில் இரண்டிலுமே மஞ்சள் இதழ்ப்பூக்கள் சூழ்ந்த ஒரே மாதிரியான பூத்தலைதான் இருக்கும். டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல் உடையது என்று பொருள். அதன் இலை தடித்துப் பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையோ குறுகி நீண்டு, மடல் பிரியாமல், விளிம்பில் ஓரிரு பற்களோடு சொரசொரப்பாக இருக்கும். டிரைலோபேட்டாவிலும் சில இலைகள் மடல் இல்லாமல் வருவதுண்டு என்பதால், ஒரே இலையைக் கொண்டு முடிவு செய்யாமல் பல கொடிகளிலிருந்து பத்துப் பதினைந்து இலைகளைப் பறித்துப் பாருங்கள்.

அதன் பிறகும் ஐயம் இருந்தால், பூவும் இலையும் கூடிய கிளையைச் செய்தித்தாளுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காட்டிக் கேளுங்கள். அங்குள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.

செடி இன்னதென்று உறுதியாகும் வரை கீரையாகவோ மருந்தாகவோ யாருக்கும் கொடுக்க வேண்டாம். அயல்செடிதான் என்று தெரிந்தால், கணுவுக்குக் கணு வேர் விடும் இயல்புடையது என்பதால், வெட்டிய தண்டுகளை வாய்க்காலில் போடாமல் மண் படாத இடத்தில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். வாய்க்காலில் ஒரு துண்டு மிதந்து போனாலும் கீழ்மடை வயல்களில் அது வேரூன்றிவிடும்.