ஆல்ப்ஸில் ஒரு பகல் நடை

கேள்வி: கோடையில் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டுக்குப் பெற்றோருடன் செல்கிறோம். அவர்களுக்கும் ஏற்ற மலைப்பாதை உண்டா?

பதில்: உண்டு. கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் (First) என்ற பெயருள்ள மலை நிலையத்தை அடைந்து, அங்கிருந்து பாக்ஆல்ப் ஏரி வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும் பாதையில் ஏற்றம் குறைவு என்பதால், ஓரளவு நடக்கக்கூடிய முதியவர்களும் நிதானமாகச் சென்று வரலாம். நீங்கள் மட்டும் தொடர்ந்து 2,681 மீட்டர் உயரமுள்ள ஃபவுல்ஹார்ன் சிகரத்துக்கு ஏற விரும்பினால், காலையிலேயே புறப்படுங்கள். கோடைப் பிற்பகல்களில் அங்கே இடிமழை திடீரென்று திரளும். ஜூனில் மேற்பகுதிகளில் பனி எஞ்சியிருக்கலாம்.

வழிக்குறிகளை அவசியம் கவனியுங்கள். மஞ்சள் குறி சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக்கு உறுதியான காலணியும் தலைசுற்றாத மனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை குறியிட்ட பாதையில் அனுபவமற்றவர்கள் கால் வைக்கவே கூடாது.