கேமரா போடாதவரும் வாய் ஓயாதவரும்

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் பதினொரு பேரை நான்கு வருடமாகக் கோட்டையூர் வீட்டில் உட்கார்ந்தபடி மேய்க்கிறேன். ஒருவரும் என் பக்கத்தில் இல்லை. ஆளுக்கொரு சுபாவம் உள்ளவர்களைத் தூரத்திலிருந்து எப்படி நடத்துவது என்று நம் செட்டிநாட்டு வட்டாரத்துத் தம்பி தங்கைகள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்.

தேவகோட்டை: அண்ணே, என் குழுவில் ஒரு பெண் வீடியோ கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. கேமராவும் போடுவதில்லை. வேலை மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. எப்படிப் பேச வைப்பது?

உங்களுக்கு வேண்டியது அவர் பேச்சா, யோசனையா? யோசனை என்றால் வேறு வழி இருக்கிறது. எங்களிடமும் இப்படி ஒரு டெஸ்டர் உண்டு. ஆறு மாதமாக "ஓகே சார்" தவிர ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஒரு தடவை, கூட்டத்தில் கேட்க வேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே எழுதி அனுப்பினேன்: "இந்த பில்லில் எங்கே தப்பு வரும்?" காலையில் நான்கு வரி பதில் வந்திருந்தது. மூன்றாவது வரியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். 99 ரூபாய் சாமானுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 4.95 ரூபாய். அதையே மத்திய வரி, மாநில வரி என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 2.475. இரண்டையும் தனித்தனியே பைசாவுக்கு முழுமையாக்கினால் 2.48, 2.48. கூட்டினால் 4.96. ஒரு பைசா உதைக்கிறது! கூட்டத்தில் சத்தமாகப் பேசும் ஆறு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அன்றிலிருந்து கேள்வி முதல் நாளே எழுத்தில் போய்விடும். கேமரா பற்றி நான் கேட்பதே இல்லை. நம் வீட்டுச் சுவர் கனத்துக்கு வைஃபை வளவை, அதாவது உள்முற்றத்தை, தாண்டி வராது, முகப்பில் உட்கார்ந்தால் தெருவே பின்னால் தெரியும். அவரவர் வீட்டில் என்ன சிரமமோ.

காரைக்குடி: எல்லாருக்கும் பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்து, அந்த நாலெழுத்து (MBTI) வகைப்படி நடத்தலாமா?

வேண்டாம். கார்ல் யுங் 1921-இல் எழுதிய மனவகைகளை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும், கேதரின் பிரிக்ஸும் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும், உருவாக்கியது அது. சில வாரம் கழித்து அதே ஆளுக்கு மறுபடி வைத்தால் எழுத்து மாறிவிடுவது சகஜம். நடுவில் நிற்பவரையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுகிறது. ஐந்து குணங்களைக் கூடக்குறைய அளந்து பார்க்கும் முறையைத்தான் உளவியல்காரர்கள் அதிகம் நம்புகிறார்கள். சின்னக் குழுவுக்கு அதுவும் அதிகம். சேர்ந்த வாரமே மூன்று கேள்வி கேளுங்கள். தப்பு இருந்தால் போனில் சொல்லவா, எழுதவா? எந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது? மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் தனியாக முட்டிப்பார்த்துவிட்டுக் கேட்பீர்கள்? கடைசிக் கேள்வியில் ஆள் பாதி தெரிந்துவிடும்.

புதுவயல்: ஒருத்தர் மட்டும் கூட்டம் முழுக்கப் பேசுகிறார். அடக்கவும் முடியவில்லை.

பேசிப் பேசித்தான் அவருக்கு யோசனையே தெளியும். கூட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் போனில் பேச விடுங்கள். பாதி அங்கேயே இறங்கிவிடும்.

பள்ளத்தூர்: என் குழுவில் ஒருவர் மணிக்கு ஒரு தடவை "சரியா இருக்கா?" என்று கேட்கிறார். நானும் எவ்வளவு நேரம்தான் "சரி" சொல்வது?

எது முடிந்தால் வேலை முடிந்தது என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். தினம் பதினொன்றுக்கும் நாலுக்கும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குத் தவறாமல் பாருங்கள். இப்படிப்பட்டவரிடம் நான் செய்த தப்பு ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் "திங்கள்கிழமை கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் ஒரு செய்தி போட்டுவிட்டேன். பேச இருந்தது தீபாவளி லீவு பற்றி. இரண்டு நாள் அந்தப் பையன் தூங்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நேரில் என்றால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பான்.

கானாடுகாத்தான்: தாத்தா காலத்தில் ரங்கூன் வட்டிக்கடையை இங்கிருந்தே நடத்தினார்களே, அதில் நமக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. முதலாளி ஊரில், கடை பர்மாவில். கடையை நடத்தும் ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறுவார். கடிதம் போய் வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்பதால் யாருக்குக் கடன் தருவது என்பதை அவரேதான் முடிவு செய்வார். ஆனால் அந்த அதிகாரம் எடுத்த எடுப்பில் வராது. முதலில் வேலை பழகும் பெட்டியடிப் பையன், பிறகு ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், அப்புறம்தான் ஏஜெண்டு. ஆளின் பக்குவத்துக்கேற்ப நடத்தும் விதத்தை மாற்று என்று அமெரிக்க மேலாண்மை அறிஞர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.

நாம் சறுக்குவது இங்கேதான். புதுப் பையன் கேள்வி கேட்காவிட்டால் "அமைதியான சுபாவம்" என்று விட்டுவிடுகிறோம். சுபாவமெல்லாம் ஒன்றுமில்லை, என்ன கேட்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியடியிடம் ஏஜெண்டு வேலையைக் கொடுத்துவிட்டு அவன் குணத்தை ஆராய்வது வீண். (அந்தக் காலத்தைப் புகழவும் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையின் முகத்தை மூன்று வருடம் கழித்துப் பார்த்தவர்கள் அவர்கள்.)

குன்றக்குடி: ஆளுக்கு ஒரு மாதிரி நடத்தினால் பாரபட்சம் என்று சொல்ல மாட்டார்களா?

ஒளித்துச் செய்தால் சொல்வார்கள். கெடு, சம்பளம், லீவு மூன்றிலும் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். மாறுவது சொல்லும் விதம் மட்டும். அதையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம், ஆளுக்கு இரண்டு வரி. முதல் வரி என்னுடையது: "மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் வள்ளென்று விழுவேன்."