பெக்கெட் கல்லறை எங்க போச்சு?

கேள்வி: இங்கிலாந்துல கேன்டர்பரி கதீட்ரல் போயிருந்தோம். தாமஸ் பெக்கெட் சமாதின்னு சொன்ன இடத்துல ஒரு மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியுது, கல்லறை எங்க?

பதில்: நல்ல கேள்வி. அந்த வெறுமையே ஒரு வரலாறுதாங்க. பேராயரா இருந்த பெக்கெட்டை 1170 டிசம்பர் 29 அன்னிக்கு நாலு வீரர்கள் அந்த கதீட்ரலுக்குள்ளயே வெட்டிக் கொன்னாங்க, துறவிகள் அவசர அவசரமா உடலை கீழ நிலவறையில புதைச்சாங்க. மூணே வருஷத்துல புனிதர் பட்டம் குடுத்தாங்க. அவரோட மோதின ராஜா ரெண்டாம் ஹென்றியே 1174ல செருப்பில்லாம நடந்து வந்து, அந்த நிலவறைக் கல்லறை முன்னாடி துறவிங்க கையால அடி வாங்கினாரு, நெனச்சுப் பாருங்க! அதே வருஷம் மேல தீப்பிடிச்சு, பாடகர் குழு உட்கார்ற பகுதி எரிஞ்சுபோச்சு, அதை புதுசா கட்டி முடிச்சு 1220 ஜூலை 7ல தான் உடலை மேல டிரினிட்டி சேப்பல்ங்கிற சின்ன வழிபாட்டுக் கூடத்துல தங்கமும் ரத்தினமும் பதிச்ச பேழைக்கு மாத்தினாங்க, அதுவரைக்கும் 50 வருஷம் மக்கள் கீழதான் போய் கும்பிட்டாங்க.

1538ல ராஜா எட்டாம் ஹென்றி பேழையை உடைச்சு நகையெல்லாம் அள்ளிக்கிட்டாரு, அது இருந்த இடத்துலதான் இப்ப நீங்க பார்த்த மெழுகுவர்த்தி எரியுது. எனக்கு இன்னும் மனசு ஆறல. 1888ல நிலவறையில ஒரு எலும்புக்கூடு கிடைச்சு அது பெக்கெட்தான்னு பெரிய பேச்சாச்சு, 1949ல மறுபடி பரிசோதிச்சப்ப அவரில்லன்னு முடிவாச்சு.

அடுத்த தடவை போனா அந்த மெழுகுவர்த்தியோட நிறுத்திக்காம படியிறங்கி நிலவறைக்கும் போங்க, பேழை இருந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் ராஜா நாலாம் ஹென்றி, 'கறுப்பு இளவரசர்'னு பேர் வாங்கின இளவரசர் எட்வர்ட் கல்லறைகள் இருக்கு, அதையும் பாருங்க.