கூந்தன்குளத்து வாத்து எவரெஸ்டைத் தாண்டியதா?

கேள்வி: அறிவியலைக் கதையாகச் சொன்னால்தான் மக்களிடம் போய்ச் சேரும் என்கிறார்கள். எங்கள் பக்கம் ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். அறிவியலுக்கு இந்த வேலை தேவைதானா?
(ஓர் அறிவியல் ஆசிரியர், நாங்குநேரி)

பதில்: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை உங்கள் தாலுகாவிலேயே வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறீர்களே சார்!

தை மாதம் ஒருநாள் காலையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். குளத்தில் வரித்தலை வாத்துகள் நிற்கும். வெள்ளைத் தலை, பின்மண்டையில் மையால் இழுத்துவிட்டாற்போல இரண்டு கறுப்புக் கோடு. “இது இமயமலையைத் தாண்டி வந்திருக்கு” என்று ஆரம்பியுங்கள். “எவரெஸ்டுக்கு மேலேயா சார்?” என்று ஒரு பயல் நிச்சயம் கேட்பான்.

கதை விடுகிறவர் “ஆமாலே” என்று முடித்துக்கொள்வார். மலையேறப் போனவர்கள் சொன்னதை வைத்து அப்படித்தான் பல காலம் எழுதவும் செய்தார்கள். அப்புறம் வாத்தின் முதுகில் சின்னக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டால், பெரும்பாலும் 5,500 மீட்டருக்குக் கீழேதான் பறந்திருக்கிறது. எப்போதாவது 7,000-ஐத் தாண்டியதுண்டு. எவரெஸ்டோ 8,848. இதயத் துடிப்பையும் அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு வேடிக்கை. கஷ்டப்பட்டு ஏறின உயரத்தை விட்டுவிட்டு, பள்ளத்தாக்கு வந்தால் வாத்து கூடவே இறங்குகிறது. மலை வந்தால் மறுபடி ஏறுகிறது. கிறுக்குத்தனமா? இல்லை. மேலே காற்று மெலிசு. அதில் சிறகடிக்கத்தான் செலவு அதிகம். இறங்கி ஏறுவதே லாபம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

எவரெஸ்ட் கதையைவிட இது நன்றாக இல்லையா? ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கக் கேட்க வளர்ந்தால் அது அறிவியல் கதை. கேட்டதும் வாயடைத்தால், நீங்கள் பயப்படுகிற சரக்கு.

பறவை வந்தால் நல்ல மழை என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேலி செய்து பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். அந்த நம்பிக்கைதான் அங்கே தீபாவளிக்கு வெடி போடாமல் வைத்திருக்கிறது. “தண்ணி முதல்லயா, நாரை முதல்லயா?” என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள். குளம் பெருகினால் மீன், மீன் இருந்தால்தான் மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு பொரிக்கும் என்று பிள்ளைகளே வந்து சேர்வார்கள். நாரை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் ஏன் வயலுக்கு உரம் என்பதை அங்குள்ள விவசாயி ஒருவரையே சொல்லச் சொல்லுங்கள். உங்களைவிட நன்றாகச் சொல்வார்.

ஒன்று, தெருவில் கூடுள்ள மரத்தடியில் நின்று பாடம் நடத்தினால் குடை பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காக இல்லை.