குறட்டை நிற்கும்போதுதான் கவனிக்க வேண்டும்

தூக்க ஆய்வுக்கூடத்தில் 14 வருடமாக இரவுப் பணி பார்க்கிறேன். டெக்னீஷியன்தான், டாக்டர் இல்லை. அதனால் மாத்திரையைக் கூட்டு, குறை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூக்கத்தில் மூச்சுத்தடை, இதயம் இரண்டையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): என் கணவரின் குறட்டை திடீரென்று நின்றுவிடும். அப்புறம் மூச்சு முட்டினாற்போல் ஒரு உதறல், மறுபடி குறட்டை. இது இதயத்தைப் பாதிக்கும் என்கிறார்களே, எப்படி?

நீங்கள் இருட்டில் காதால் கேட்பதை நான் திரையில் பார்க்கிறேன், அம்மா. மூக்கடியில் வைத்த குழாய் காட்டும் மூச்சுக்கோடு அப்படியே படுத்துவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆள் மூச்சிழுக்கப் பாடுபடுகிறார், தொண்டை அடைத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் எழுதுவோம். 40, 50 விநாடி போவதும் உண்டு. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 95, 90, 82 என்று இறங்கும். பிறகு அந்த உதறல். நாடித்துடிப்பு ஒரே தாவாகத் தாவும். காலையில் கேட்டால், "நல்லா தூங்கினேனே சார்" என்பார்.

அந்த உதறலில்தான் இதயம் அடி வாங்குகிறது. மூளை பதறிப்போய் அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்ட, ரத்தக்குழாய்கள் இறுகி பிபி எகிறுகிறது. இன்னொன்றும் உண்டு. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள், நெஞ்சு உள்ளே இழுபடும். அந்த இழுப்பு இதயத்தின் மெல்லிய மேலறைகளையும் விரிக்கிறது. மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான வகை. 7 மணி நேரத் தூக்கத்துக்கு 200 தடவைக்கு மேல் வருகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவரைக் கட்டாயம் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போகும் முன் ஒரு ராத்திரி செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

கேள்வி (மதுரை, வயது 54): மூன்று பிபி மாத்திரை எடுத்தும் குறையவில்லை.

ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போகிறீர்கள்? மூன்று, நான்கு என்றால் சர்க்கரை, புராஸ்டேட் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன அந்த மேலறை விரியும்போது, உடம்பில் தண்ணீர் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை விடுகிறது. சாதாரணமாகத் தூக்கத்தில் பிபி இறங்கும். மூச்சுத்தடை உள்ள பலருக்கு இறங்குவதில்லை. மாத்திரைக்கு அடங்காத பிபி என்றால் தூக்கத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) போட்டதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். மெஷினால் குறைவது சராசரியாக 2, 3 புள்ளிதான்.

கேள்வி (கோவை): ஷாக் கொடுத்துச் சரிசெய்த இதயத் துடிப்புக் கோளாறு எட்டே மாதத்தில் திரும்பிவிட்டது. குறட்டையும் உண்டு.

மேலறை படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 2003-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஷாக்குக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள், மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில் 82 சதவீதம் பேருக்குக் கோளாறு திரும்பியது, எடுத்தவர்களில் 42 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் அடுத்த ஷாக்குக்கு முன் ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்துகொள்வதில் நஷ்டமில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): அப்படியானால் சிபாப் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது, இல்லையா?

அப்படிச் சொல்லி யாராவது மெஷின் விற்றால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து நடந்த 'சேவ்' ஆய்வு 2016-ல் வெளிவந்தது. மெஷின் போட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும்தான் குறைந்தன. அவர்கள் மாஸ்க் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம். பாதி வழியில் குடையை மடக்கிவிட்டு, நனைந்துவிட்டேன் என்று குடையைத் திட்டலாமா? இது என் கட்சி, நிரூபணம் அல்ல.

நான் இப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பலரும் 2 மணி வாக்கில் மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். கனவுத் தூக்கம் மிகுவது அதற்குப் பிறகுதான். அப்போது தசைகள் நன்றாகத் தளர்ந்து, தடைகள் நீளமாக வரும். 2005-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், மூச்சுத்தடை உள்ளவர்களின் திடீர் இதய மரணங்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணிக்குள்தான் அதிகமாக இருந்தன. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் குறைவு, காலை 6 மணிக்குப் பிறகே அதிகம்.

கேள்வி (திருநெல்வேலி): நான் ஒல்லி. எனக்கும் வருமா?

வரும். உள்வாங்கிய தாடை, பெரிய டான்சில் போதும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஒரு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

உங்களோடு சேர்ந்து தொண்டைத் தசையும் தூங்கிவிடுகிறது, சார்.

கேள்வி (ஈரோடு): எடை குறைத்தால் போய்விடுமா?

பலருக்குக் குறையும், சிலருக்குப் போயே போய்விடும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் தடைகளின் எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறையும் என்று ஒரு நீண்டகால ஆய்வு கணித்தது. அதுவரை மெஷினைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை, வயது 61): மாஸ்க் மாட்டினாலே மூச்சு முட்டுகிறது.

முதல் வாரம் எல்லோரும் சொல்வதுதான். படுக்கப் போகும்போது முதன்முதலாக மாட்டாதீர்கள். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதப் பெட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். மீசை ஓரமாகக் காற்று கசிந்தால் வேறு அளவு கேளுங்கள். பட்டையை இறுக்கினால் மூக்கில் புண்தான் வரும். அடுத்த தடவை வரும்போது மெஷினில் உள்ள கார்டையும் கொண்டுவாருங்கள். "தினமும் போடுறேன் தம்பி" என்றவர்களின் கார்டில் ஒன்றரை மணி நேரம் பதிவாகியிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.